அம்மா தலைக்குக் குளித்த வியாழக்கிழமை

12 செப்டம்பர், வியாழன்

சிரிப்பு நடிகர் சிகாமணி காலமானார். வயது எண்பத்து நான்கு. காலை ஏழரை மணிக்குக் கைப்பேசியில் செய்தி வந்தது. நான் நம்பவில்லை. போன வருடம் மட்டும் அவரை இரண்டு முறை சாகடித்திருக்கிறார்கள். இரண்டு முறையும் அவரே காணொளியில் வந்து, பல்செட்டைக் கழற்றிக் காட்டி, "உயிர் இருக்கு, பல்லுதான் போயிட்டு" என்று சிரித்தார். இருபத்தாறு வருடமாக ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவன் நான். யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

டி.வி.யைப் போட்டேன். எல்லாச் சேனலிலும் சிகாமணி தாத்தா வழுக்கி விழுந்துகொண்டிருந்தார், கீழே ஒரு ஓரமாக ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து அம்மா வந்து நின்றாள்.

"எய்யா, நெசந்தானா?"

"சேனல்ல போடுதானே."

"போன தடவையும்தான் போட்டான். நீ யார்ட்டயாவது விசாரிச்சுச் சொல்லு."

சென்னையில் இருக்கும் சிநேகிதருக்கு போன் போட்டேன். அவர் வீடு சிகாமணி வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. "ஆமாப்பா, இப்பதான் பெட்டி வந்து இறங்குது" என்றார். அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா புறவாசலுக்குப் போனாள். உடுத்திய சேலையோடு குழாயடியில் உட்கார்ந்து, பச்சைத் தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டாள். வெந்நீர் இல்லாவிட்டால் கால்கூடக் கழுவாதவள், வயது எழுபது. எங்கள் பக்கத்தில் இப்படிக் குளிப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். சொந்தத்தில் சாவு விழுந்த செய்தி வந்தால் குளிப்பார்கள்.

சண்பகத்திடம் கேட்டேன். "புழுக்கமா இருக்குன்னு குளிச்சிருப்பாவ" என்றாள் என் மனைவி. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அரிசியைப் பார்த்தாள். குறித்து வைக்கிறேன்.

மதியம் அம்மா என்னிடம் வந்தாள். "எய்யா, இன்னைக்கு ராத்திரி வண்டியில மெட்ராசுக்கு ஒரு இடம் கிடைக்குமா?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான். ஒரு தடவை மொகத்தப் பாத்துட்டு வந்துரலாம்னு."

"யாரு மொகத்த?"

"அந்த நடிகரு மொகத்தத்தான்."

பக்கத்துத் தெருவுக்கு அமைச்சர் வந்தபோதுகூட எட்டிப் பார்க்காதவள். "இடம் இல்லம்மா, முகூர்த்தக் கூட்டம்" என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

13 செப்டம்பர், வெள்ளி (சென்னை, ஓய்வறை)

நேற்று ராத்திரி வண்டி எனக்குத்தான் டூட்டி. எஸ்-6 பெட்டியில் மட்டும் எட்டு இடம் காலி. இதை எழுத வேண்டியதில்லைதான். சார்ட் பார்த்துப் பழகிய கை எழுதிவிட்டது.

வண்டி முழுக்கச் சிகாமணி பேச்சு. கோவில்பட்டியில் ஏறிய ஒருவர், தன் கல்யாணத்துக்கு அவர் வந்து தாலி எடுத்துக் கொடுத்தார் என்றார். எந்த வருடம் என்றேன். சொன்னார். அந்த வருடம் அவர் ஆறு மாதம் மலேசியாவில் நாடகம் போட்டுக்கொண்டிருந்ததாகக் காலையில்தான் டி.வி.யில் சொன்னார்கள். ஒரு அம்மாள் விருதுநகர் தாண்டும்வரை அழுதாள். பிறகு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள், பிரித்த கையோடு அழுகை நின்றது. துக்கத்துக்கும் டிக்கெட் உண்டென்றால் பாதிப் பேரை மதுரையிலேயே இறக்கிவிட்டிருப்பேன்.

ஓய்வறை டி.வி.யில் ஊர்வலம் பார்த்தோம். ஒரு இளம் நடிகர் கண்ணாடிப் பெட்டிமேல் விழுந்து கதறினார். கேமரா நகர்ந்ததும் எழுந்து முடியைக் கோதிக்கொண்டார். மாலை ஐந்து மணிக்கு எரித்துவிட்டார்கள்.

14 செப்டம்பர், சனி

வீட்டுக்கு வந்ததும் முதலில் பூஜை அலமாரியைப் பார்த்தேன். நேற்று வெள்ளிக்கிழமை. விளக்கில் புதுத் திரி இல்லை, எண்ணெய் வியாழனன்று இருந்த அளவிலேயே இருக்கிறது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா வெள்ளி விளக்கைத் தவறவிட்டது கிடையாது.

சாப்பாட்டில் தாளிதம் இல்லை. ரசம் வெறும் புளித்தண்ணீர். "கடுகு தீந்துபோச்சா?" என்றேன். "மறந்துட்டேன்" என்றாள் சண்பகம். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடுகு நிறைய இருக்கிறது.

இருவரும் அடுக்களையில் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் முருங்கைக்காயைப் பற்றிப் பேசுகிறார்கள். வீட்டில் முருங்கைக்காயே இல்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

தெருமுனையில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். 'எங்கள் தாத்தாவே, சிரிக்க வைத்தாய், இன்று அழ வைத்தாய்.' தாத்தா படம் தபால்தலை அளவு, பக்கத்தில் கைகூப்பி நிற்கும் வட்டச் செயலாளர் படம் ஆளுயரம். கீழே நாற்பத்து மூன்று பெயர். டீக்கடையில் எல்லோரும் ஸ்டேட்டஸில் அவர் படம் வைத்திருக்கிறார்கள். வைக்காதவன் நான் ஒருவன்தான் என்று கடைக்காரர் சொன்னார். "உங்க மனசு கல்லு சார்" என்றார்.

மாலை அம்மா மறுபடி தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றினாள். ராத்திரி ரசத்தில் கடுகு மிதந்தது.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாவு என்றால் மூன்று நாள் தீட்டு. ஆனால் அம்மாவுக்குப் பிறந்த வீடே கிடையாது. தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய், சித்தி வளர்த்தவள். ஒற்றைப் பிள்ளை. மடியில் வைக்கத் தாய்மாமன் இல்லாமல், பக்கத்து வீட்டுக் கூட்டுறவு பாங்க் மேனேஜர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவன் நான்.

சிகாமணிக்குத்தான் யாராவது உண்டா என்று பார்த்தேன். பழைய பேட்டியை மறுஒளிபரப்புச் செய்தார்கள். "கூடப்பிறந்தவங்க?" என்று கேட்கிறாள் பேட்டி எடுக்கிற பெண். "யாருமில்லம்மா. ஒத்த மரம்" என்கிறார். ஆக, சொந்தம் என்ற வழி அடைத்தாயிற்று.

சொந்தமில்லாத ஆணுக்காக ஒரு பெண் ஏன் தலை முழுக வேண்டும்? இதற்குமேல் இன்று எழுதவில்லை.

16 செப்டம்பர், திங்கள்

வாரப் பத்திரிகை ஒன்று சிகாமணி சிறப்பிதழ் போட்டிருக்கிறது. சலூனில் பார்த்தேன். ஒரு பெட்டிச் செய்தி: 'யாருக்கும் தெரியாமல் ஆண்டுதோறும் ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் வருவார். தலையில் மப்ளர், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. எட்டாம் நாள் தவறவே மாட்டார்.'

அப்பா இறந்து எட்டு வருடம். எட்டு வருடமாக அம்மா ஆவணியில் ஒருநாள் தனியாகப் பஸ் ஏறித் திருச்செந்தூர் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறாள். "நானும் வாரேன்" என்றால், "உனக்கு டூட்டி இருக்கும்யா" என்பாள். எந்த நாள் என்று நான் ஒருதடவைகூட கேட்டதில்லை. என் தொழிலுக்கே இழுக்கு.

சலூன் கண்ணாடி பெரியது. சிறப்பிதழ் அட்டைப்படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்பாவுக்குச் சப்பை மூக்கு. என் மூக்கு அப்படி இல்லை. அட்டைப்படத்து மூக்கைப் போலவே இருக்கிறது, காது மடலும் அப்படியே. முடிவெட்டுகிறவர், "அட, உங்களுக்கும் அவருக்கும் ஜாடை இருக்கு சார்" என்றார். அவரை யார் கேட்டது?

17 செப்டம்பர், செவ்வாய்

காலையில் அப்பா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கணக்கு வாத்தியார் சுப்பையா. வகுப்பில் ஒரு பென்சில் காணாமல் போனால் நாற்பது பையையும் கொட்டச் சொல்லுகிற மனிதர். அவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருந்தால் பேசாமலா இருந்திருப்பார்?

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அம்மா, எங்கப்பா யாரு?"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. சலூனிலிருந்து கொண்டுவந்து நான் கையில் வைத்திருந்த பத்திரிகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மீதி வெண்டைக்காயைச் சண்பகம் நறுக்கினாள்.

18 செப்டம்பர், புதன்

அம்மா இன்று என் கண்ணில் படவில்லை. அதையே பதிலாகக் குறித்துக்கொண்டு டூட்டிக்குப் போனேன்.

19 செப்டம்பர், வியாழன்

நான்கு பேரைப் பிடித்தேன். ஒருவன் தாத்தா செத்துவிட்டார், அவசரத்தில் டிக்கெட் எடுக்கவில்லை என்று அழுதான். எந்தத் தாத்தா என்று கேட்டேன். பெட்டியே சிரித்தது. சாத்தூரில் அவனை இறக்கினேன். ஸ்டேஷன் வாசலில் நாலு பேர் பாடையோடு நின்றிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் ஒரு கிழவி ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

20 செப்டம்பர், வெள்ளி

இன்று நடந்ததை முழுதும் எழுதிவிடுகிறேன்.

டூட்டி முடிந்து வந்தபோது அம்மாவின் பை வாசலில் இருந்தது. நான்கு சேலை, மாத்திரை டப்பா, விபூதிச் சம்புடம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். சண்பகம் பைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"குற்றாலத்துல ஏதோ மடத்துல வயசானவுகள வச்சுக்கிடுதாவளாம். அத்தை நாளைக்கு அங்க போறாவ" என்றாள். "உங்களுக்கு இப்ப திருப்திதான?"

"என்ன விஷயம்னு தெரியாம நான் எப்படி..."

"அவுக அண்ணன்."

"யாரு?"

"செத்துப்போனாவல்லா, சிகாமணி. அத்தைக்குக் கூடப்பிறந்த அண்ணன். உங்களுக்குத் தாய்மாமா. போதுமா?"

நான் உடனே பேட்டியைச் சொன்னேன். ஒற்றை மரம் என்று அவரே சொல்லியிருக்கிறாரே என்றேன். சண்பகம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

பதின்மூன்று வயதில் நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போனவராம். தாய் தகப்பன் போன பிறகு, தங்கையைச் சித்தி வீட்டில் விட்டு, நாடகத்தில் கிடைத்ததையெல்லாம் அனுப்பி வளர்த்திருக்கிறார். வாத்தியார் மாப்பிள்ளை வந்தபோது, அப்பாவைப் பெற்ற என் தாத்தா, கூத்தாடி சம்பந்தமெல்லாம் நமக்கு ஆகாது என்று பொதுவாகச் சொன்னாராம். அது காதுக்கு வந்ததும் அண்ணன் தங்கையைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய்ச் சன்னதியில் நிறுத்தி, "எனக்கு அண்ணனே இல்லன்னு நீ சொல்லிரு. எனக்குத் தங்கச்சியே இல்லன்னு நான் சொல்லிருதேன். எந்தக் காலத்துலயும், யார் கேட்டாலும்" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். கல்யாணத்துக்கும் வந்திருக்கிறார். சமையல்காரர் கூட்டத்தில் ஒருவராக, சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு. பெண் மாப்பிள்ளை இலைக்கு அவர்தான் பரிமாறினார். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா தாயி?" என்றாராம். அம்மாவால் தலை நிமிர முடியவில்லையாம்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கடைசி வரைக்கும் தெரியாது. உங்கப்பா போன பிறகுதான் வருஷத்துக்கு ஒருநா திருச்செந்தூர்ல பாத்துக்கிட்டாவ. மண்டபத்துல அந்தத் தூணுல அவுக, இந்தத் தூணுல இவுக. ரெண்டு பேரும் கடலப் பாத்துகிட்டே பேசுவாவளாம். யாராவது போட்டோ எடுத்துருவாங்களோன்னு பயம்."

"உனக்கு எப்பம் தெரியும்?"

"எனக்கு இருபத்திரண்டு வருஷமா தெரியும். கல்யாணமான புதுசுல டி.வி.யில அவுக சிரிப்பு சீன் ஓடிச்சு. அத்தை அழுதாவ. ஏன் அத்தைன்னு கேட்டேன். சொல்லிட்டாவ."

அந்த சீன் ஓடும்போது நானும் அதே வீட்டில்தான் இருந்திருப்பேன். "என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா நம்பிருப்பியளா? ரேஷன் கார்டு எங்கன்னு கேப்பிய."

பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "அன்னைக்கு அவுக உங்ககிட்ட கேட்டது ஒரே ஒரு இடம்."

நான் எஸ்-6 பற்றிச் சொல்லவில்லை.

21 செப்டம்பர், சனி

அம்மா குற்றாலம் போகவில்லை. சண்பகம் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாளா என்று நெருங்கிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது.

23 செப்டம்பர், திங்கள்

அம்மா காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டு, "இவனுக்குக் காப்பி குடு" என்று சண்பகத்திடம் சொன்னாள்.

24 செப்டம்பர், செவ்வாய்

பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை. அவர் வீட்டு முற்றத்தில் படத்துக்குப் பூப்போட ரசிகர்களையும் விடுகிறார்கள் என்று பேப்பரில் வந்திருக்கிறது. மூன்று டிக்கெட் எடுத்தேன். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை.

அம்மாவின் பதில் சண்பகம் வழியாக வந்தது. "அவன் எடுத்த டிக்கெட்டுல நான் ஏறமாட்டேன்னு சொல்லு."

"வரமாட்டாளாமா?"

"வாரேன்னுதான் சொல்லுதாவ. உங்க டிக்கெட்டுலதான் மாட்டாவளாம்."

சண்பகம் தன் டிக்கெட்டையும் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நடுவுல நான் ஒருத்தி இருந்தா எல்லாத்தையும் என்கிட்டயே பேசுவாவ."

26 செப்டம்பர், வியாழன்

அம்மா ஸ்டேஷனில் வரிசையில் நின்று, தானே முன்பதிவில்லாத டிக்கெட் ஒன்று எடுத்தாள். பின்னாலேயே போனேன். உட்கார இடம் இல்லை. கழிவறைக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்தாள். எதிரில் நானும் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருடத்தில் இந்தப் பெட்டியில் நான் ஏறியது ஆட்களை இறக்குவதற்குத்தான்.

பக்கத்துக்காரர் அம்மாவிடம், "கூட வந்திருக்கது மகனா?" என்று கேட்டார். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

27 செப்டம்பர், வெள்ளி

காலை ஒன்பது மணிக்குச் சாலிகிராமம் போய்ச் சேர்ந்தோம். தெருவை அடைத்து வரிசை. மொட்டை போட்ட ரசிகர்கள் இருபது பேர், கறுப்புச் சட்டையில் ஒரு பள்ளிக்கூடமே, கேமராக்கள். உள்ளே சொந்தக்காரர்களுக்குச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. ஐயர் மைக்கில், "மாமன் மச்சான் முறைக்காரங்க யாராவது இருந்தா முன்னால வாங்க" என்று கூப்பிட்டது தெருவுக்கே கேட்டது. ஒருவரும் போகவில்லைபோல. மறுபடி கூப்பிட்டார்.

நான் வரிசையை விட்டு நேராகக் கேட்டுக்குப் போனேன். அம்மாவின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் போலிருந்த ஒருவர் நின்றிருந்தார். பதினைந்து நாளாகத் தூங்காத கண்கள்.

"சார், இவங்க அவரோட கூடப்பிறந்த தங்கச்சி. நான் மருமகன். உள்ள முறை செய்யக் கூப்பிடுறாங்க."

"தங்கச்சியா?" என்றார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. "காலைலேர்ந்து அஞ்சு தங்கச்சி வந்தாச்சு சார். மூத்த பையன்னு ரெண்டு பேர் வந்தாங்க. ஐயாவுக்குக் கூடப்பிறந்தவங்க கிடையாது, அது ஊருக்கே தெரியும். ஆதாரம் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

நான் தினமும் பேசுகிற அதே குரல்.

"இல்ல சார். ஆதாரம் இல்ல. ஆனா உண்மை. எங்கம்மா பொய் சொல்லமாட்டாங்க."

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். கண்ணீர் இல்லாத அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் ஐயாவின் ஜாடை அவருக்குப் பிடிபட்டது போலிருந்தது. "அம்மா, நீங்களே சொல்லுங்க. அவர் உங்களுக்கு யாரு?" என்று மரியாதையாகவே கேட்டார். கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் படம் தெரிந்தது, மாலைக்கு நடுவே பல் தெரியச் சிரித்துக்கொண்டு. பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அவன் சொல்லுதத நம்பாதிய தம்பி. எங்களுக்கு யாருமில்ல. படம் பாக்கவுக நாங்க. வரிசை எங்க ஆரம்பிக்கு?"

மேனேஜர் கையை எடுத்துவிட்டு, தெருக்கோடியைக் காட்டினார்.

மறுபடி கடைசியில் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெண், "எங்கப்பா செத்தப்பகூட நான் இவ்ளோ அழுவலம்மா" என்று சொல்லி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழாத தாயி. வயசாயிட்டுல்லா, நல்ல சாவுதான். அழாத" என்று தேற்றினாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

அந்தப் பெண் நகர்ந்த பிறகு கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்ன? கதவைத் திறந்திருப்பாரும்மா."

பத்து நாளில் முதல்முறையாக அம்மா என்னிடம் நேராகப் பேசினாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பது போலத்தான் சொன்னாள்.

"பெத்த பிள்ளையே நம்பல. கேட்டுல நிக்கவன் நம்பி எனக்கு என்னய்யா ஆவப்போவுது?"

வரிசை ஓரடி நகர்ந்தது. அம்மாவும் ஓரடி நகர்ந்தாள். எங்களுக்கு முன்னால் எப்படியும் நானூறு பேர் இருந்தார்கள்.